தொடக்கப்பள்ளியை ஒற்றைச் சதவீதத்தால் எடைபோடுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

கிராம சபையிலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தால், எடுத்த எடுப்பில் ஒரு சதவீதம்தான் முன்னால் வைக்கப்படுகிறது. மூன்றாம் வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் வாசிக்க வருகிறது, போன ஆண்டைவிடக் குறைந்துவிட்டது, ஆகவே பள்ளி சரியில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கணக்கு பல நல்ல பள்ளிகளுக்கு அநியாயம் செய்கிறது. சில மோசமான பள்ளிகளைக் காப்பாற்றியும் விடுகிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் யார், எந்த வீட்டிலிருந்து வருகிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

மலையடிவாரத்துப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் இருப்பது சாதாரணம். எட்டுப் பேரில் ஒரு பிள்ளை என்றால் 12.5 சதவீதம். காய்ச்சலால் ஒருத்தி தேர்வு நாளில் வராமல் போனாலே பள்ளி 'சரிந்துவிட்டது' என்று தோன்றும். இருபது பேருக்குக் குறைவான வகுப்புகளில் சதவீதமே போடக் கூடாது. 'எட்டில் ஐந்து பேர்' என்று எழுதி, மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வகுப்பின் கலவை. கற்பனையாக ஒரு கணக்கு: இருபது பேர் உள்ள வகுப்பில் வீட்டில் தமிழ் பேசும் 16 பேரில் 12 பேர் வாசிக்கிறார்கள், வேறு மொழி பேசும் 4 பேரில் ஒருவர் வாசிக்கிறார். மொத்தம் 13, அதாவது 65 சதவீதம். மறு ஆண்டு வகுப்பில் பத்துக்குப் பத்து. தமிழ் பேசும் பத்துப் பேரில் 8 பேர், மற்ற பத்துப் பேரில் 4 பேர் வாசிக்கிறார்கள். முதல் பிரிவு 75-இலிருந்து 80-க்கும், இரண்டாவது 25-இலிருந்து 40-க்கும் ஏறியிருக்கிறது. ஆனால் மொத்தம் 12 பேர், 60 சதவீதம்தான். இரண்டு பிரிவும் முன்னேறியிருக்க, பள்ளிக்குக் கெட்ட பெயர்!

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது வெறும் கற்பனை ஆகாது. ஓசூர், தளி, பாகலூர், வேப்பனப்பள்ளி, சூளகிரிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழி. உருது பேசும் குடும்பங்களும் உண்டு. ஓசூர்த் தொழிற்பேட்டை வேலைக்கு வடமாநிலத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் இப்போது சேர்கிறார்கள். 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் எல்லாருக்கும் கட்டாயப் பாடம். தெலுங்கிலும் கன்னடத்திலும் க, க2, க3, க4 (ka, kha, ga, gha) ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து. தமிழில் கடல், பகல், தங்கம் மூன்றுக்கும் ஒரே 'க'. வீட்டில் அந்த ஒலிகளைப் பிரித்துப் பேசிப் பழகிய பிள்ளை இந்த இடத்தில் தடுமாறினால் அதை மந்தம் என்று குறிக்கக் கூடாது. முதல் வகுப்பில் எழுத்துக்குப் போவதற்கு முன் சில வாரம் வாய்மொழிப் பயிற்சிக்கே ஒதுக்க வேண்டும்: வகுப்பறைப் பொருள்களின் பெயர், உடல் உறுப்புகள், 'எடு, வை, வா, கொடு' போன்ற ஏவல்கள். அந்த மொழி தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. இந்த வாரங்களைத் தவிர்த்துவிட்டு நேராகப் பாடநூலைத் திறந்தால், பிள்ளை ராகம் போட்டு ஒப்பிக்கும். பொருள் கேட்டால் விழிக்கும். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்ற இடத்தில் பயிற்றுமொழியையே எழுதிவிடுவதும் எளிதில் நேரும் பிழை. ஆகவே பெற்றோரிடம் 'வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்' என்று வாயால் கேட்டு எழுத வேண்டும்.

தருமபுரிப் பக்கம் சிக்கல் வேறு. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் வட்டாரங்களில் தை பிறந்ததும் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பங்கள் கிளம்புகின்றன. கூடவே போகும் பிள்ளைக்கு ஏப்ரல் வரை அறுபது நாளுக்கு மேல் பள்ளி இல்லை. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லும் குறைந்தபட்ச வேலைநாளே 200. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பாட்டி வீட்டில் விடப்படும் பிள்ளையின் வருகை குறையாது, ஆனால் வீட்டில் பாடம் பார்க்க ஆள் இராது. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. அந்தக் குறையின் பெரும்பகுதி இன்று தாத்தா பாட்டியாக இருக்கும் தலைமுறையினுடையது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் வீட்டுப்பாடமோ அப்பாவின் கைப்பேசியோடு திருப்பூரில் இருக்கிறது. இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் தனித்தனியே பதிவு செய்யாமல் 'வருகை நன்றாக இருந்தும் படிப்பு வரவில்லை' என்று ஆசிரியரைக் குறை கூறுவது பயன்படாது.

வெளியூர் போகும் குடும்பத்திடம் ஓர் அட்டையில் பிள்ளையின் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) எண்ணையும், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பா, மொட்டா, மலரா என்ற கற்றல் நிலையையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நிலை தெரிந்தால் அங்குள்ள ஆசிரியர் 'அ'னாவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பணியிடக் கணக்கும் இதோடு பிணைந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயமாகிறது. அதற்குப் பிறகு ஓசூர்ப் பக்கம் வந்து சேரும் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு கூடுதல் ஆசிரியர் கிடைப்பதில்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது விதி. 58 பேர் உள்ள ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்.

தனியார் பள்ளியோடு ஒப்பிடுவதும் வீண். வேன் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலேயே போய்விடுகிறார்கள். மிஞ்சும் எண்ணை எதிரெதிரே வைத்தால் வீடுகளைத்தான் ஒப்பிடுகிறோம். தேசிய அடைவு ஆய்வுகளும் மாதிரிப் பள்ளிகளில் எடுக்கப்படுபவை. மாவட்டத்தின் நிலையை அவை காட்டும். உங்கள் ஊர்ப் பள்ளியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒரு பிற்பகல் போதும். முப்பது பிள்ளைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் இரண்டரை மணி நேரம். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து, பாடநூலில் இல்லாத எட்டு வரிப் பத்தி ஒன்றைக் கொடுங்கள். பாடநூல் பத்தி என்றால் மனப்பாடமா வாசிப்பா என்று தெரியாது. வாசித்தபின் இரண்டு கேள்வி: ஒன்றின் விடை பத்தியிலேயே இருக்கட்டும், மற்றது யோசித்துச் சொல்வதாக இருக்கட்டும். பத்தி வராவிட்டால் சொற்கள், அதுவும் வராவிட்டால் எழுத்துகள். கணக்கில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் போதும். 35 என்று விடை வந்தால், கடன் வாங்கத் தெரியாமல் 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது என்று உடனே புரியும். மற்ற பிள்ளைகள் காதில் விழும் தூரத்தில் இருந்தால் இரண்டாவது பிள்ளைக்கே விடை தெரிந்துவிடும், கவனம்.

முடிவை எழுதும்போது மூன்று எண்கள் கட்டாயம்: பதிவேட்டில் உள்ளோர், அன்று வந்தோர், வாசித்தோர். சூளைக்குப் போன பிள்ளையை ஒரு பள்ளி 'வாசிக்காதவர்' என்று எண்ணும், இன்னொன்று கணக்கிலிருந்தே எடுத்துவிடும். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைத் தேர்வு நாளில் வீட்டில் இருக்கச் சொல்லும் பள்ளியின் சதவீதம் மேலே ஏறும். மூன்று எண்ணும் இருந்தால் அந்த ஓட்டை அடைபடும். சந்தேகம் இருந்தால் மதிய உணவுப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் மூன்று மாதத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறகு அந்த எண்களை மூன்று பிரிவாகப் பிரித்துப் பாருங்கள்: வீட்டுமொழி, முதல் வகுப்பிலிருந்து இதே பள்ளியா இடையில் வந்தவரா, பெற்றோர் ஊரில் இருக்கிறார்களா இல்லையா. சாதிவாரி எண்ணிக்கை எமிஸில் இருக்கிறது. உதவித்தொகைக்கு அது வேண்டும். வாசிப்பு வராததற்குக் காரணம் தேடும் இடத்தில் அதைக் கொண்டுவருவதை நாங்கள் ஏற்கவில்லை. ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் கூட்டத்தில் அறிவிக்கவும் வேண்டாம். சின்ன ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வராது.

மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் கையில் இந்த மூன்று எண்களும் மூன்று பிரிவுகளும் ஒரே தாளில் ஆகஸ்ட், டிசம்பர், மார்ச் மாதங்களில் தரப்பட வேண்டும். டிசம்பர் தாள் மிக முக்கியம். தை மாதம் கிளம்பப்போகும் குடும்பங்கள் எவை என்று அப்போதே கேட்டு, பருவகால விடுதியோ சிறப்புப் பயிற்சி மையமோ ஏற்பாடு செய்ய நேரம் இருக்கும். இரு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களும் இதற்கென ஒரு பக்கப் படிவத்தை வட்டார வள மையங்கள் வழியாக இந்த ஆண்டே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
அரூர் மற்றும் ஓசூர்