மேஜர் பரமேஸ்வரனின் முழு வாழ்வையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியரசு நாளையொட்டி வீர விருதாளர்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் அந்த வீரரின் கடைசிச் சில நிமிடங்களோடு முடிந்துவிடுகின்றன. போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்கரம் பெற்ற மேஜர் இராமசாமி பரமேஸ்வரனைப் பற்றியும் அப்படித்தான் எழுதப்படுகிறது. 1987 நவம்பர் 25 அன்று இரவு, யாழ்ப்பாணத்தின் கந்தரோடைப் பகுதியில் தேடுதல் முடித்துத் திரும்பிய, இந்திய அமைதிப்படையைச் சேர்ந்த அவருடைய அணியை விடுதலைப் புலிகள் தாக்கினர். பின்புறமாகச் சென்று அவர்களை வளைத்த பரமேஸ்வரன், நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரை வீழ்த்திவிட்டு, உயிர் பிரியும் வரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த இரவுக்கு முன் பதினைந்து ஆண்டுப் பணி இருக்கிறது. 1946-இல் பம்பாயில் பிறந்து, அறிவியலில் பட்டம் பெற்று, சென்னை அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் தேறி, 1972-இல் மஹார் படைப்பிரிவில் சேர்ந்தவர் அவர். பிறகு மிசோரம், திரிபுரா காடுகளில் கிளர்ச்சியாளர்களை எதிர்கொண்டார். குண்டு பட்ட நிலையிலும் நிதானம் தவறாமல் ஆணையிடும் பழக்கம் ஒரே இரவில் வந்துவிடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இலங்கைக்கு அமைதிப்படை அனுப்பப்பட்டதைக் குறித்துத் தமிழ்நாட்டில் ஆறாத வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. அவர் பெயரைச் சொல்ல நாம் தயங்குவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆனால், அந்த முடிவை எடுத்தவர்கள் வேறு; ஆணையை ஏற்றுச் சென்ற படைவீரர் வேறு. 2023-இல் அந்தமானில் ஒரு தீவுக்கே அவர் பெயர் சூட்டப்பட்டிருக்க, நம் பள்ளிப் பிள்ளைகள் பலர் அவரை அறியாமலிருப்பது வேதனை அளிக்கிறது.

வேலூர் மாவட்டத்துக்காரன் என்பதால் இது என்னை இன்னும் உறுத்துகிறது. தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பி 'இராணுவப்பேட்டை' என்று பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை எங்கள் மாவட்டத்தில்தான் உள்ளது. விடுப்பு முடிந்து காட்பாடி சந்திப்பில் வண்டிக்காக நிற்கும் ஜவான்களின் கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் எண்ணும் பெயரும் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த வாழ்வில் பெரும்பகுதி பயிற்சியும் காவலும் காத்திருப்பும்தான். படையில் சேர விரும்பி விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்கள் அதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே, வரும் நவம்பர் 25 அன்று மேஜர் பரமேஸ்வரனின் வாழ்வை, அவருடைய பள்ளிப் பருவம் தொடங்கி, மாணவர் பக்கத்தில் விரிவாக வெளியிடுமாறும், கம்மவான்பேட்டையில் உள்ள முதிய முன்னாள் படைவீரர்களை நேரில் கண்டு அவர்களுடைய பணி நினைவுகளையும் பதிவு செய்யுமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.