காற்றாலைக்கு முன் ஒரு வரைபடம்

ஆசிரியருக்கு,

தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலை அமைக்க நிதியுதவி தருவதற்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனிலேயே ஒப்புதல் தந்துவிட்டது. பேசப்படும் இடம் மன்னார் வளைகுடா. காற்றாலையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. அதை எங்கே நடுவது என்று யாரைக் கேட்டு முடிவு செய்யப்போகிறார்கள்?

கடல்பாசி எடுக்கும் பெண்கள், சங்கு குளிப்பவர்கள், வள்ளம் என்னும் நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள், விசைப்படகுக்காரர்கள் என்று இங்கே ஒவ்வொருவர் பிழைப்பும் வேறு, போகிற இடமும் வேறு. 'மீனவர் பிரதிநிதி' என ஒருவரை மேடையில் உட்கார வைத்தால், பெரும்பாலும் அவர் படகு உரிமையாளராகத்தான் இருப்பார். தீவுக்கரையில் முங்கிப் பாசி பறிக்கும் பெண்ணுக்கு அங்கே நாற்காலி கிடையாது. கூட்டமும் காலை பத்து மணிக்கு மாவட்டத் தலைநகரில் என்றால், கேட்கவே வேண்டாம்.

கடலைப் பங்கிட்டுக்கொள்வது நம் கரைக்குப் புதிதல்ல. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு வெகுகாலமாக இருக்கிறது. மீறல்கள் உண்டு, சரி. ஆனாலும் பேசி வைத்த ஒரு முறை அது.

பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டு எங்கே, வலை விடும் தடம் எது, சோளகம் என்னும் தென்காற்றில் வள்ளம் ஒதுங்குவது எங்கே என்று ஊர் ஊராகக் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். அதைத் தமிழில் அச்சிட்டு மீன் ஏலக்கூடங்களில் ஒட்டுங்கள். ஒரு மாதம் ஆட்சேபம் கேட்டுவிட்டு அப்புறம் டெண்டர் விடலாம்.

– ஒரு வாசகர், இராமநாதபுரம்