எங்கள் ஐயா எண்பது வயது வரைக்கும் இருந்தார்

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் புகைத்தல் பற்றிய கட்டுரைக்குக் கறுத்துப்போன நுரையீரல் படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டே இரண்டு பேர் சிகரெட் பற்றவைத்தார்கள். அதில் ஒருவர் சொன்னார்: "எங்கட அப்பு சாகுமட்டும் சுருட்டுப் பிடிச்சவர். எண்பத்திரண்டு வயசு. ஒரு வருத்தமும் வரேல்லை."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அப்பு என்ற இடத்தில் ஐயா, அதாவது என் அப்பா, என்று போட்டு இதே மாதிரிக் கதையை நானும் முப்பது வருடம் சொல்லித் திரிந்தவன். ஐம்பது வயது வரை சிகரெட் பிடித்தேன், யாராவது விடச் சொன்னால் ஐயாவைத்தான் காட்டுவேன். அந்தக் கதையில் நான் விட்டுவிட்ட பகுதியை இப்போது எழுதுகிறேன், போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஐயா புகையிலைத் தோட்டக்காரர், துலா மிதித்து இறைத்த காலத்து ஆள். பதினாறு வயதில் சுருட்டைத் தொட்டவர், பின்னேரமானால் விறாந்தையில் சாய்மனைக் கதிரை, கையில் சுருட்டு, ஊர்க்கதை. இடைக்கிடை சிகரெட்டும் உண்டு. 1995 இல் யுத்தத்தால் சனம் இடம்பெயர்ந்தபோது இணுவிலில் இருந்து நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரி வரை தலையில் மூட்டையோடு நடந்தார், அப்போது அவருக்கு 63 வயது. எட்டு வருடம் கழித்து அதே மனிதருக்கு வீட்டில் இருந்து கிணற்றடிக்குப் போக நடுவில் மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. வயது போனதால் வந்தது என்றோம். பிறகு தொய்வு, அதாவது ஆஸ்துமா, என்றோம். தோட்டத்து மண் தூசி என்று சொன்னவர்களும் உண்டு. சுருட்டை மட்டும் யாரும் சொல்லவில்லை, அது வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

டொக்டர் எக்ஸ்றேயைப் பார்த்துவிட்டு, தொய்வு வேறு, இது வேறு என்றார். சுவாசக்குழாய்கள் வீங்கி ஒடுங்கிவிட்டன, நுரையீரலுக்குள் இருக்கிற சின்னச் சின்னக் காற்றுப் பைகளின் சுவர்கள் சிதைந்துவிட்டன, சிதைந்தது திரும்ப முளைக்காது, இனிச் செய்யக்கூடியது மிச்சத்தைக் காப்பாற்றுவதுதான். உள்ளே போகிற காற்று வெளியே வர முடியாமல் தேங்கும், அதனால் அடுத்த மூச்சுக்கு இடமிருக்காது. கடைசி ஐந்து வருடம் ஐயா படுத்துத் தூங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். அதே சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடியே இரவு முழுக்க. குளிப்பாட்டினால் களைப்பு, சோறு சாப்பிட்டால் களைப்பு, தொலைபேசியில் கனடாவில் இருக்கிற மகளோடு ஒரு வசனத்தை முடிக்க மூன்று தரம் நிற்பார். 2012 இல், எண்பது வயதில் போனார். புற்றுநோய் வரவில்லை, உண்மைதான். "ஒன்றும் வரவில்லை" என்று நான் சொன்னதன் அர்த்தம் இவ்வளவுதான்.

எங்கள் சனத்துக்குப் புகைத்தல் என்றால் புற்றுநோய், புற்றுநோய் என்றால் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. தெல்லிப்பழைக்குப் போகாதவர் தப்பிவிட்டார் என்று ஒரு கணக்கு. ஐயாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் ஊதியவர், 54 வயதில் ஒரு விடியற்காலை மாரடைப்பில் போனார். செத்த வீட்டில் "விதி" என்றார்கள், சிகரெட் என்ற சொல்லே எழும்பவில்லை. புகை இரத்தக் குழாய்களையும் கெடுக்கும், இரத்தம் கட்டியாவதையும் கூட்டும், மாரடைப்பும் பக்கவாதமும் காலில் இரத்தம் ஓடாமல் விரல் அழுகுவதும் அந்த வழியில்தான் வருகின்றன. ஆனால் தேத்தண்ணிக் கடையில் சித்தப்பாவை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. எண்பது வரை இருந்தவரைத்தான் காட்டுவோம், ஏனென்றால் நாங்கள் வளர்ந்து கண்டது அவரைத்தானே.

பிரித்தானியாவில் ஆண் மருத்துவர்களை 1951 இல் இருந்து ஐம்பது வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, ரிச்சர்ட் டோல் என்பவர் தொடங்கியது. (டொக்டர்மாரே ஊதித் தள்ளிய காலம் அது.) விடாமல் சிகரெட் புகைத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைப் புகைத்தலே கொன்றது, சராசரியாகப் பத்து வருட ஆயுள் குறைந்தது. பாதிப்பேர் என்றால் மற்றப் பாதிப்பேர் இருக்கத்தானே செய்வார்கள், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சுருட்டு அப்பு கிடைப்பது அதனால்தான். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: 60 வயதில் விட்டவர்கள் 3 வருடம், 50 இல் விட்டவர்கள் 6 வருடம், 40 இல் விட்டவர்கள் 9 வருடம் ஆயுளை மீட்டார்கள். 30 இல் விட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுப் பத்தும். "இனி விட்டு என்ன" என்று நானும் கேட்டவன். ஐயா போன வருடம் விட்டேன், முதல் மூன்று கிழமையும் வீட்டில் எல்லாரோடும் சண்டை.

அப்புறம் இந்தச் சுருட்டுக் கதை. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, எங்கள் புகையிலை சுத்தமான இலை, சிகரெட்டில்தான் மருந்து கலக்கிறார்கள் என்று சொல்வார்கள். சுருட்டுப் புகையில் காரத்தன்மை கூட, அதனால் நிக்கொட்டின் வாய்த் தோல் வழியாகவே இரத்தத்துக்குப் போய்விடும், இழுக்கத் தேவையே இல்லை, வாயும் தொண்டையும்தான் அதன் விலையைக் கொடுக்கும். இலை சுத்தமானது என்கிறவர்கள், பனி ஈரத்தோடு புகையிலை முறித்த கூலிக்காரரைக் கேட்டுப் பார்க்கட்டும். தலைசுற்றும், சத்தி வரும், நாங்கள் அதைப் பசிக்களை என்று சொல்லிக் கஞ்சி கொடுத்தோம். தோல் வழியே ஏறிய நிக்கொட்டின் அது. இதை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது, ஒரு காலத்தில் திருவிதாங்கூர் வரைக்கும் போன யாழ்ப்பாணப் புகையிலைதான் எங்கள் வீட்டைக் கட்டியது, என்னைப் படிப்பித்ததும் அதுதான்.

கடைசியாக ஒன்று. இலங்கையில் சிகரெட் பெட்டியில் நூற்றுக்கு 80 வீதத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் இங்கே யார் பெட்டியாக வாங்குகிறார்கள்? ஒன்று, இரண்டு என்று கையில் வாங்கி, கடையில் தொங்குகிற லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போகிறவன் அந்தப் படத்தைக் காண்பதே இல்லை. 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று 2006 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் ஒழுங்கையில் டியூட்டரிக்கு எதிரே இருக்கிற கடையில், சைக்கிளில் புத்தகப் பையோடு வந்த ஒரு பெடியனுக்கு இரண்டு சிகரெட் கொடுத்ததைப் பார்த்துவிட்டுக் கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். "தமையனுக்கு வாங்கிறான், ஐயா" என்றார். நான் பேசாமல் வந்துவிட்டேன். அந்தப் பெடியனின் வயதில் நானும் சந்திக்கு ஓடி ஓடி ஐயாவுக்குச் சுருட்டு வாங்கிக் கொடுத்தவன், வருகிற வழியில் முதல் சுருட்டைப் பற்றவைத்துப் பார்த்ததும் அப்படித்தான்.

புகையிலைத் தோட்டக்காரரின் மகன்,
இணுவில்.