கருவாட்டுக் கடை வரவு வங்கியின் கண்ணில் படாதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெட்டிக்கடை வரைக்கும் ஸ்கேன் அட்டை வந்துவிட்டது, சிறு வியாபாரிகள் முன்னேறிவிட்டார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. பாம்பனில் ரோட்டோரம் கருவாட்டுக் கடை போட்டிருப்பவள் நான். அந்தச் செய்தியில் பாதிதான் உண்மை.

விற்பனை கூடியது நிஜம். ராமேசுவரம் போய்த் திரும்பும் வேன்கள் பாலம் பார்க்க இங்கே நிற்கும். முன்பெல்லாம் வழிச்செலவு போக மிச்சம் இருப்பதற்குத்தான் வாங்குவார்கள், கால் கிலோ நெத்திலியோடு கிளம்பிவிடுவார்கள். இப்போது நெத்திலி கேட்டு வந்தவரே சீலா, கட்டா, திருக்கை என்று நாலு பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டுப் போனை நீட்டுகிறார். ஊருக்குப் போன பிறகும் கூப்பிடுகிறார்கள். திருப்பூர், கோவை என்று நான் பார்க்காத ஊரில் இருந்தெல்லாம் ஜிபேயில் முதலில் பணம் வந்துவிடும், பிறகு பார்சல் போடுவேன். (கூரியர் ஆபீஸில்தான் பாடு. நாலு கவர் போட்டு ஒட்டினாலும் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.) தை அமாவாசை, ஆடி அமாவாசைக் கூட்டத்தில் டவர் திணறி, பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் வாயே திறக்காது. அதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்.

சமாளிக்க முடியாதது கொள்முதல். விற்ற காசு வங்கியில் விழுகிறது. மீன் வாங்குவது விடியற்காலை ஏலத்தில், அங்கே எனக்கு ரொக்கம்தான் செல்லும். மீன் கீறி உப்புப் போட வரும் அக்காமாருக்கும் அன்றன்றைக்குக் கையில் கூலி கொடுத்தாக வேண்டும்.

எங்கள் தொழிலுக்கு மொத்தமாகப் பணம் தேவைப்படுவது மாசி, பங்குனியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பச்சை மீன் விலை ஏறும், கருவாடு நன்றாகப் போகும். தடைக்கு முன்பே வாங்கிக் காயப்போட்டு அடுக்கி வைத்தவருக்குத்தான் அந்த வியாபாரம். கையில் பணம் இல்லாவிட்டால் தண்டல்காரர் வீட்டு வாசல். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கொடுப்பார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

போன வருஷம் துணிந்து, கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்கே போனேன். பாஸ்புக்கில் வரவு பதிந்து எடுத்துப் போனேன். 180, 420, 250, 1,150 என்று பக்கம் பக்கமாக ஓடும். அதிகாரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "எல்லாம் சில்லறை வரவும்மா. வருமான வரி கட்டின பேப்பர் இருக்கா, இடத்துப் பத்திரம் இருக்கா?" என்றார். கடை இருப்பது புறம்போக்கு, பத்திரத்துக்கு எங்கே போவேன்? மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரைக்கும் கொடுப்பது சிசு கடன், அதற்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. அதைச் சொன்னேன். "சீசன் வியாபாரத்துக்கு மாசாமாசம் தவணை எப்படிக் கட்டுவீங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அதே வாரம் ஸ்பீக்கர் கொடுத்த கம்பெனியின் ஆப்பில், உங்களுக்குக் கடன் தயார் என்று வந்தது. பத்திரமும் கேட்கவில்லை, ஜாமீனும் கேட்கவில்லை. என் வரவைப் பார்த்தே தொகையை முடிவு செய்திருக்கிறார்கள். அந்த வரவு போய் விழுவது இதே வங்கிக் கணக்கில்தானே! ஆப்காரர் கண்ணில் பட்ட வியாபாரம், பணத்தை வாங்கி வைத்திருக்கும் வங்கியின் கண்ணில் மட்டும் படவில்லை. வேறு வழியில்லாமல் அதை வாங்கினேன். தண்டலுக்கு இது மேல் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் புயல் கூண்டு ஏற்றி ரோடு காலியாகக் கிடந்த நாளிலும் அன்றைய தவணையைக் கட்டியாக வேண்டியிருந்தது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சின்னக் கடைகளுக்கு வணிக வரித் துறை நோட்டீஸ் அனுப்பியது ஞாபகம் இருக்கும். அதைக் கேள்விப்பட்டதும் எங்கள் வரிசையிலேயே ஒருவர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். வரி கேட்பவர்களுக்குக் கணக்காகப் படுவது, கடன் கேட்டுப் போனால் சில்லறையாகிவிடுகிறது.

சிறு தொழில்களின் டிஜிட்டல் பரிமாற்றத்தைப் பார்த்துக் கடன் தரும் முறையைப் பொதுத்துறை வங்கிகளே உருவாக்கும் என்று 2024 ஜூலை பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அது எங்கள் கிளை மேஜைக்கு வர வேண்டும். பாஸ்புக்கில் ஒரு வருஷ வரவைப் பார்த்து, மாசி பிறக்கும் முன் கடன் கொடுங்கள். தவணையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே மாதிரி போடாதீர்கள். சித்திரை, வைகாசியில் சரக்குப் போகும்போது கூடுதலாகக் கட்டுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்களால் ஒரு மீனைக் காயப்போட முடியாது, அந்த மாதங்களில் விட்டுப் பிடியுங்கள்.

ராமநாதபுரத்தில் கலெக்டர் தலைமையில் வங்கியாளர் கூட்டம் நடக்கும்போது உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும்: ஸ்கேன் வரவை மட்டும் பார்த்து, மண்டபம் முதல் ராமேசுவரம் வரை எத்தனை மீன், கருவாட்டுக் கடைகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள்? வரும் பதிலை அப்படியே அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
கருவாட்டு வியாபாரி,
பாம்பன்.
(பெயர் வெளியிட வேண்டாம்)