லாச்சிக்குள்ள கிடக்கிற பற்றறியள்

பிள்ளை,

ஞாயிறு கோல் எடுக்கேக்க சிரிச்சுக்கொண்டு காட்டினியே, பழைய லப்ரொப்பின்ர பற்றறி அப்பளம் மாதிரி பொங்கி மூடி பூட்டேலாமல் நிக்குது எண்டு, அண்டிரவு எனக்கு நித்திரையே வரேல்லை. போனில சொன்னா "சரியப்பா சரியப்பா" எண்டு வைச்சிடுவாய், அதுதான் இருந்து ரைப் பண்ணுறன்.

போன மாசம் நான் ரெண்டு செத்த போன் பற்றறியை வேப்பஞ்சருகுக் குப்பையோட போட்டிட்டன். பின்னேரம் கொம்மா நெருப்பு வைச்சா. கொஞ்ச நேரத்தால டமார் எண்டு சத்தம், ஷெல் எண்டு நினைச்சு மனுசி அப்பிடியே நிலத்தில படுத்திட்டா, இத்தினை வருசத்துக்குப் பிறகும். காயம் ஒண்டுமில்லை, ஆனா ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.

என்ர லாச்சி உனக்குத் தெரியும்தானே. செத்த பற்றறியெல்லாம் அதுக்குள்ளதான். 90க்குப் பிறகு பொருளாதாரத் தடையில ரோச் பற்றறி வாறேல்லை, கரண்டும் இல்லை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைக் கையால சுத்தி டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள், முடிஞ்ச பற்றறியை வெயிலில காய வைச்சு இன்னும் ஒரு செய்தி கேக்கலாமோ எண்டு பாத்தனாங்கள். அப்ப நீ கைப்பிள்ளை. அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகுதில்லை.

ஆனா அது வேற பற்றறி, இது வேற. எங்கட யாழ்ப்பாணத் திருநெல்வேலியில போன் திருத்துற பொடியன் விளங்கப்படுத்தினவன். லித்தியம் பற்றறிக்குள்ள ரெண்டு தகட்டுக்கும் இடையில மெல்லிய தாள் மாதிரி ஒண்டுதானாம், அது கிழிஞ்சா ஒண்டோடொண்டு முட்டிச் சூடாகி நெருப்புப் பிடிக்கும், பொங்குறது உள்ளுக்க காஸ் சேர்ந்து. சார்ஜ் பண்ணுற மலிவு ரோச்சுகளுக்குள்ள கனக்க ஈயம், பழைய கோட்லெஸ் போனில கட்மியம் எண்ட நச்சு உலோகம். வளவுக்க தாட்டாலும் எங்கட சுண்ணாம்புக்கல்லு நிலத்தில அது ஊறிக் கிணத்துக்குத்தான் போகும், ஆறே இல்லாத ஊரில அந்தக் கிணத்தை விட்டா எங்க போறது? பழைய இரும்புக்காரரும் கேட்டவர், நான் குடுக்கேல்லை, சுத்தியலால உடைச்சுப் பாப்பார் மனுசன். எல்லாத்துக்கும் முனையில ரேப் ஒட்டி பொடியனிட்டயே குடுத்திட்டன், மத்திய சுற்றாடல் அதிகார சபையின்ர லைசன்ஸ் உள்ள ஆக்களிட்ட கொழும்புக்கு அனுப்புறவனாம். பொங்கின ஒண்டை மட்டும் காய்ஞ்ச மணல் போட்ட சட்டிக்குள்ள வைச்சு, சைக்கிளில மெல்ல மெல்ல கொண்டு போனனான்.

இப்ப நீ. அந்த லப்ரொப்பைச் சார்ஜில போடாதை. அமத்தி மூடப் பாக்காதை, ஊசியால குத்திக் காஸ் எடுக்கிறன் எண்டும் வெளிக்கிடாதை, மருமோன் உப்பிடி ஏதும் செய்வார். படுக்கிற அறையில வேண்டாம். கடையளில வைச்சிருக்கிற பற்றறிப் பெட்டிக்குள்ளயும் பொங்கினதைப் போடக் கூடாது, ரொறன்ரோவில சிற்றியின்ர டிப்போ இருக்கு, அங்க கொண்டு போய்ச் சொல்லிக் குடு.

நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வரேக்க பவர் பாங்கைக் கைப்பையில கொண்டு வா, சூட்கேசுக்க வைச்சா எயாப்போட்டில எடுத்துப் போடுவாங்கள். எனக்கு ரோச் ஒண்டும் வேண்டாம்.

வாற ஞாயிறு கோல் எடுத்து அந்த லப்ரொப்பைத் தூக்கிக் காட்டு. இல்லை, தூக்காதை, குடுத்திட்டு வந்து எடு.

அப்பா