சாக் விழுந்தால் பழி முழுவதும் முன்வரிசைக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போல் பற்றி வந்த கட்டுரை, ஓர் அணியின் குவாட்டர்பேக் (பந்தை வாங்கி எறிபவர்) எறியும் முன்னரே ஐந்து தடவை பந்தோடு வீழ்த்தப்பட்டதை, அதாவது ஐந்து சாக்கை, வைத்து அவரைக் காக்கும் முன்வரிசை பலவீனம் என்று தீர்ப்பு எழுதிவிட்டது. வெபர் மைதானத்து உதைபந்தையே பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஆட்டம் புதிது. தொடக்கத்திலேயே தவறான கணக்கைப் படித்துவிட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

முன்வரிசையில் நடுவே சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டக்கிள்கள் என ஐந்து பேர். எறிதலுக்காகத் தடுக்கும்போது ஐவரின் முதுகும் குவாட்டர்பேக் பக்கம்தான். அவர் நிற்கும் இடம் அவர்கள் கண்ணில் படாது. பயிற்சியில் பேசிவைத்த இடத்தைத்தான் காக்கிறார்கள். ஷொட்கன் என்ற நிலையில் குவாட்டர்பேக், ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குச் சுமார் 5 யார் (நாலரை மீற்றர்) பின்னால் நின்று பந்தை வாங்கி, இரண்டு மூன்று எட்டு வைத்து 7, 8 யார் ஆழத்தில் நிலைகொள்வார். சுற்றி வரும் எதிரியை அப்படியே நிறுத்த வேண்டும் என்று டக்கிளுக்குக் கட்டாயம் இல்லை. அந்த 8 யாரையும் தாண்டிப் போகும்படி வெளிவட்டமாகத் தள்ளிவிட்டாலே போதும். குவாட்டர்பேக் பதறி 10, 11 யாருக்குப் பின்வாங்கினால், டக்கிள் சரியாகத் தள்ளிய அதே வட்டம் எதிரியை அவர் மடியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓரெட்டு முன்னால் ஏறியிருந்தால் எதிரி அவர் முதுகுப் பக்கமாக வெறுங்கையோடு ஓடியிருப்பார். டக்கிள் செய்தது இரண்டிலும் ஒரே வேலை. திரையில் முதலாவது மட்டும் அவருடைய தோல்வியாகத் தெரியும். கபடி பார்க்கிறவர்களுக்கு இது விளங்கும்: மூலையில் நின்றவர் காலைப் பிடித்த பிறகும் மற்றவர்களின் கைகோத்த சங்கிலி உதவிக்கு வராமல் போனால், கை நழுவியதற்குத் திட்டு வாங்குவது பிடித்தவர்தான்.

அடுத்தது நேரம். பந்து கைக்கு வந்து இரண்டரை வினாடிக்குள் எறிகிறவருக்கு நடுத்தரமான வரிசையும் போதும். மூன்று வினாடியைத் தாண்டினால் நல்ல வரிசையும் உடையத் தொடங்கும். எறிய ஆள் கிடைக்காமல் ஓடி ஓடி ஆட்டத்தை நீட்டுகிறவர் நான்கு, ஐந்து வினாடி கேட்கிறார். அதில் சில நேரம் அற்புதம் நடக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கான கட்டணத்தை டக்கிள் கட்டுகிறார். அவர் எதிரியின் மார்பைச் சட்டப்படி பிடித்திருக்கும்போது குவாட்டர்பேக் திடீரென வெளியே ஓடினால், எதிரி அந்தத் திசைக்குத் திரும்புவார். முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாத டக்கிளின் கை எதிரியின் தோளிலோ சட்டையிலோ சிக்கும். நடுவரின் கொடி விழும், 10 யார் தண்டனை. அறிக்கையில் டக்கிளின் எண்தான் வரும்.

ஓட்டமா எறிதலா என்பதைப் பந்து வந்த பிறகு குவாட்டர்பேக்கே தீர்மானிக்கும் ஆட்டங்களிலும் இதே கதைதான். வரிசை ஓட்டத்துக்கென்று முன்னால் தள்ளிக்கொண்டு போகும். பந்து கோட்டைத் தாண்டி எறியப்படும் நேரத்தில் அவர்கள் 3 யாருக்கு மேல் முன்னேறியிருக்கக் கூடாது என்பது கல்லூரி விதி. தொழில்முறை ஆட்டத்தில் அது 1 யார்தான். குவாட்டர்பேக் அரை வினாடி தயங்கினால் கார்ட் 4 யாரில் நிற்பார். 5 யார் தண்டனை அவர் பெயரில்.

ஓடத் தெரிந்த குவாட்டர்பேக் வரிசைக்குச் சுமை மட்டும்தான் என்று சொல்ல வரவில்லை. ஓரத்து எதிரி ஒருவரை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டு, அவர் உள்ளே பாய்ந்தால் பந்தை வைத்துக்கொண்டு ஓடுவது, நின்றால் ஓட்டக்காரரிடம் கொடுப்பது என்ற முறையில், ஒருவரைத் தடுக்கும் வேலையே வரிசைக்கு இல்லாமல் போகிறது. மிச்சமான ஆள் பக்கத்து ஆளோடு சேர்ந்து இன்னொருவரை இருவராகத் தள்ளலாம். எதிரணியும் அவர் தப்பி ஓடிவிடுவார் என்று பயந்து அடக்கித்தான் பாயும். அமெரிக்கக் கல்லூரிகளின் சிறந்த முன்வரிசைக்கு 2015 முதல் ஜோ மூர் விருது கொடுக்கிறார்கள். 2019 இல் அது லூசியானா ஸ்டேட் அணிக்குப் போனது, அந்த ஆண்டு அதன் குவாட்டர்பேக் ஜோ பரோ எறிந்தவை 60 டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டுக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி எடுப்பது). 2024 இல் அதே விருதை வாங்கியது எறிவதை விட ஓடுவதையே நம்பும் ஆர்மி, அதாவது அமெரிக்க இராணுவக் கல்லூரி அணி. இடையில் 2023 இல் வாங்கிய வோஷிங்டனின் குவாட்டர்பேக் மைக்கல் பெனிக்ஸ் இடக்கைக்காரர். அவருக்குப் பார்வைக்கு மறைந்த பக்கம் வலது என்பதால், வழக்கமாக இடது டக்கிள் சுமக்கும் பொறுப்பு அங்கே வலது டக்கிளுக்கு மாறியது.

பந்து அசையும் முன்னரே விழுந்துவிட்ட சாக்குகளும் உண்டு. ஆறு பேர் பாய, தடுக்க ஐவர் மட்டும் இருந்தால், ஆறாவது ஆள் குவாட்டர்பேக்கின் பொறுப்பு. உடனே எறிந்துவிட வேண்டும். அதைப் படிக்கத் தவறினால் யாரும் தொடாமல் ஓர் எதிரி வந்து விழுவார். பார்க்கிறவர்கள் வரிசையில் ஓட்டை என்பார்கள். 2024 முதல் உயர்மட்டக் கல்லூரி ஆட்டங்களில் ஹெல்மட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் வருகிறது, ஆனால் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கத் தரும் நேரத்தின் கடிகாரத்தில் 15 வினாடி மிஞ்சும்போது அது நின்றுவிடும். எதிரணி இடம் மாறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

கட்டுரை கவனிக்காத இன்னொன்று கணக்கு முறை. தொழில்முறை ஆட்டத்தில் சாக் இழப்பை எறிதல் கணக்கில் கழிப்பார்கள். கல்லூரியில் ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். உதாரணத்துக்கு, ஓட்டக்காரர்கள் 35 ஓட்டத்தில் 175 யார் எடுத்தார்கள் என்று வைப்போம். சராசரி 5. ஐந்து சாக்கில் 35 யார் போனால் பதிவில் 40 ஓட்டம், 140 யார், சராசரி 3.5. ஓட்டத்துக்கு நன்றாகத் தடுத்த வரிசை, எறிதலில் நடந்த பிழைக்கு இரண்டாவது தடவையும் அடி வாங்குகிறது. லூசியானா ஸ்டேட்டின் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் 2023 இல் ஓடியதாகப் பதிவான 1,134 யாரும் இப்படிக் கழித்த பிறகு மிஞ்சியதுதான். அதனால்தான் அது மலைக்க வைக்கிறது.

ஆகவே இனி இப்படிப்பட்ட அட்டவணை போடும்போது சாக் இழப்பை ஓட்டத்திலிருந்து பிரித்துப் போடுங்கள். ஒவ்வொரு சாக்குக்கும் பந்து வந்ததிலிருந்து எத்தனை வினாடி, எத்தனை யார் ஆழத்தில் என்ற இரண்டு எண்ணையும் சேருங்கள். கைபேசியில் இருக்கும் நிறுத்தற்கடிகாரமே போதும். கிழக்கு அமெரிக்காவில் சனி இரவு 7.30 க்குத் தொடங்கும் ஆட்டம், செப்டெம்பர், ஒக்டோபரில் நமக்கு ஞாயிறு காலை 5 மணி. விழித்திருந்து பார்க்கிற வாசகர்கள் எண்களைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஃபுட்போல் பார்க்கும் வாசகர்கள் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.