நீ தொடங்கப்போகும் செய்திமடலுக்காக

காட்பாடி

அன்புள்ள மகளுக்கு,

உடல்நலம் பற்றித் தமிழில் ஒரு மின்னஞ்சல் செய்திமடல் தொடங்க நினைப்பதாக நீ சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். ஆனால், நான் நடத்திவரும் செய்திமடலைக் குறித்து, "பாலாற்றைப் பற்றி வாரம் தவறாமல் எழுத உனக்கு எங்கிருந்தம்மா விஷயம் கிடைக்கிறது?" என்று நீ கேட்டதற்கு அப்போது முழுமையாக விடை சொல்ல முடியவில்லை. அந்த விஷயத்தில் பெரும்பகுதியை எனக்குத் தருகிறவர்கள் என் வாசகர்கள். அவர்கள் எனக்குப் பதில் எழுதும்படி மடலை அமைப்பதுதான் இத்தனை காலத்தில் நான் கற்றுக்கொண்டது. மற்றவையெல்லாம் அதற்குத் துணையாக வருபவை.

முதலில் பொருளைச் சுருக்கிக்கொள். வேலூரிலிருந்து எழுதுவதென்றால் கோட்டையையும் 1806 சிப்பாய்ப் புரட்சியையும் ஜலகண்டேஸ்வரர் கோயிலையும் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவமனையையும் எழுது என்று பலரும் சொன்னார்கள். அவை எல்லாம் எழுதத் தக்கவையே. ஆனால் எல்லாவற்றையும் எழுதுகிறவரிடம் வாசகர் எதைப் பற்றிப் பேசுவார்? ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆற்றில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடி வயலூர் அருகே கடலில் சேரும் அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால், சென்னை மாகாணமும் மைசூரும் 1892இல் செய்துகொண்ட ஒப்பந்தம் வருகிறது. வாணியம்பாடியைச் சிதைத்த 1903 நவம்பர் வெள்ளம் வருகிறது. தோல் தொழிலும் அதன் கழிவும் வருகின்றன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்கூட அது விளையும் மண் வழியாக வந்து சேர்கிறது. குறுகிய பொருள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று நீ அஞ்ச வேண்டாம். நீ இயன்முறை மருத்துவம் படித்தவள். நாள்தோறும் முதியவர்களின் முழங்கால்களையும் இடுப்பையும் தொட்டுப் பார்க்கிறவள். "உடல்நலம்" என்று தலைப்பு வைத்தால் ஆயிரம் பேருடைய குரல்களுக்கு நடுவில் உன் குரலும் ஒன்றாகிவிடும். அறுபதைக் கடந்தவர்கள் விழாமல் நடப்பது எப்படி என்பதை மட்டும் எழுது. நாற்காலியிலிருந்து எழுவது, குளியலறைத் தரை, மாடிப்படி, கோயில் பிராகாரம், பேருந்தின் உயரமான படி என்று அதற்குள்ளேயே ஒரு வாழ்நாளுக்கான செய்தி இருக்கிறது.

அடுத்தது கிழமை. என் மடல் வெள்ளிக்கிழமை காலையில் போய்ச் சேரும் என்று வாசகர்களுக்குத் தெரியும். அந்த வாக்கு அவர்களுக்காகக் கொடுத்ததுதான் என்றாலும், அதனால் அதிகம் மாறியது என்னுடைய வாரம். சனிக்கிழமை முதல் கண்ணும் காதும் தேடத் தொடங்கிவிடுகின்றன. காய்கறி வாங்கப் போகிற இடத்தில் யாராவது ஏரிக்கரையைப் பற்றிப் பேசினால், வீட்டுக்கு வந்ததும் ஊர், ஆண்டு, சொன்னவரின் வயது ஆகியவற்றோடு குறித்து வைத்துக்கொள்கிறேன். ஏரி ஐப்பசி மழையில் நிரம்பினால்தான் மாசியில் மடை திறக்க முடியும். வியாழன் இரவு வெறும் தாளின் முன் உட்காருகிறவருக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் நெடுங்காலம் எழுத முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறே செய்தி தந்துவிடும். பங்குனி, சித்திரை மாதங்களுக்காகவே முழுதாக எழுதி முடித்த இரண்டு மடல்களைக் கைவசம் வைத்திருப்பேன். காய்ச்சலில் படுத்த வாரங்களிலும் உன் தம்பி திருமணத்தின்போதும் அவைதான் என் வாக்கைக் காப்பாற்றின. உனக்கு இரவுப் பணி உண்டென்பதால், முதல் மடலை அனுப்புவதற்கு முன்பே நான்கைந்து மடல்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வாரம் ஒன்று முடியாதென்றால் மாதம் இரண்டு என்று சொல். எதைச் சொன்னாலும் அதை நிறைவேற்று.

இப்போது முதன்மையான செய்திக்கு வருகிறேன். "உங்கள் கருத்துகளை எழுதுங்கள்" என்று மடலின் கடைசியில் போட்டால் யாரும் எழுதுவதில்லை. ஏனெனில் பலருக்குக் கருத்து சொல்லத் தயக்கம். ஆனால் தெரிந்ததைச் சொல்ல யாருக்கும் தயக்கமில்லை. அதனால் "உங்கள் ஊர் ஏரி கடைசியாக எந்த ஆண்டு கோடி போனது?" என்று, அதாவது நிரம்பி வழிந்தது எப்போது என்று, கேட்கத் தொடங்கினேன். பள்ளிகொண்டாவிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பதில்கள் வந்தன. ஊரை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளான பிறகு துபாயில் இருந்துகொண்டு, தன் ஊர் ஏரியில் மிகுந்த நீர் வழியும் கலங்கல் மேல் உட்கார்ந்து மீன் பிடித்த ஆண்டை ஒருவர் எழுதினார். ஊருக்கெல்லாம் மடை திறந்து நீர் பங்கிட்ட நீர்க்கட்டி ஒருவரின் மகன், தன் தந்தை எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விட்டார் என்பதை நினைவிலிருந்து வரிசையாக எழுதியிருந்தார். நான் புத்தகங்களில் தேடியும் காணாத செய்தி அது. அவருடைய அனுமதி பெற்று அதை அடுத்த மடலாக்கினேன். அந்த மடலுக்கு இன்னும் சில ஊர்களிலிருந்து நீரை முறை வைத்துப் பங்கிட்ட கதைகள் வந்தன. நீயும் வாசகரிடம் அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேள். "உங்கள் வீட்டில் எந்த இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள்?" என்று கேட்டால், எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லாத செய்தி உனக்குக் கிடைக்கும்.

பதில் எழுதுகிறவர்கள் மனிதர்களாக உன் முன் வந்து நிற்பதால் உன் எழுத்தும் மாறும். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் அளித்த தீர்ப்பைப் பற்றி ஒரு மடல் எழுதினேன். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்று அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. அந்த மடலுக்கு, கிணறு கெட்டுப்போய்த் தென்னையை இழந்த குடும்பத்திலிருந்து ஒரு பதிலும், தோல் ஆலைக் கூலியில் படித்து ஆளான ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பதிலும் ஒரே நாளில் வந்தன. இருவரும் என் வாசகர்கள். இருவர் சொன்னதும் உண்மை. அன்றுமுதல் எந்த வாக்கியத்தை எழுதினாலும், அந்த இருவரும் அதை ஒரே நேரத்தில் படிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். உண்மையை மென்மையாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. யாரையும் வெறும் உதாரணமாக்காமல் எழுதுவதற்கு அந்த எண்ணம் உதவுகிறது.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது வாட்ஸ்அப்பில் நிமிடத்துக்கு ஒரு செய்தி பறந்தது. நான் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். முந்திச் சொல்வது நம் வேலை அன்று. வாரம் கழித்தும் நிற்கக்கூடியது எதுவோ அதைச் சொல்வதற்குத்தான் மடல் இருக்கிறது. மருத்துவச் செய்திகளில் இந்தப் பொறுமை உனக்கு இன்னும் அதிகமாக வேண்டும்.

எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்று காட்டும் விழுக்காட்டை அடிக்கடி பார்க்காதே. மடலில் ஒளிந்திருக்கும் ஒரு சிறு படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு போடப்படுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2021இல் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியிருப்பவர்களுக்கு, அவர்கள் மடலைத் தொடாவிட்டாலும் அந்தப் படம் முன்கூட்டியே இறங்கிவிடும். ஆகவே அந்த எண் நம்பத் தக்கதன்று. உறவினர்கள்தானே என்று யாரையும் கேட்காமல் பட்டியலில் சேர்க்காதே. விலகும் இணைப்பைக் கண்ணில் படும்படி வை. பெருமளவில் மடல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வழியைத் தரவேண்டும் என்று ஜிமெயில் 2024 முதல் கேட்கிறது. உன் பட்டியல் சிறியதாக இருந்தாலும் அந்த மரியாதை எல்லா வாசகருக்கும் உரியது.

தமிழில் எழுதுவோர் அறிய வேண்டிய ஒரு நுட்பமும் உண்டு. ஏறத்தாழ 102 கிலோபைட்டைத் தாண்டும் மடலை ஜிமெயில் பாதியில் வெட்டி, மீதியைப் படிக்க ஓர் இணைப்பை மட்டும் காட்டும். மின்னஞ்சலில் வழக்கமாகப் பயன்படும் UTF-8 என்னும் யூனிகோடு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் 'க'வுக்கு மூன்று, 'கி'க்கு ஆறு. வண்ணப் பெட்டிகளும் அலங்காரங்களும் சேர்ந்தால் அந்த எல்லை விரைவில் வந்துவிடும். வெட்டுப்படுவது கடைசிப் பகுதி; நீ கேள்வி கேட்பதும் விலகும் இணைப்பு இருப்பதும் அங்கேதான். ஆகவே எளிய வடிவத்தில் அனுப்பு. தலைப்பு வரியில் முதல் மூன்று சொற்களுக்குள் செய்தி வந்துவிட வேண்டும். கைபேசித் திரையில் நீண்ட தலைப்பு முழுதாகத் தெரிவதில்லை. எழுத்துகளைப் படமாக்கி அனுப்பாதே. பார்வை குன்றியவர்களுக்கு வாசித்துக்காட்டும் செயலிக்கு அது எட்டாது, உன் வாசகர்களில் அவர்கள் நிறையவே இருப்பார்கள். பணம் வாங்குவதைப் பற்றி ஓராண்டு கழித்து யோசிக்கலாம்.

முதல் மடலின் வரைவை முடித்ததும் எனக்கு அனுப்பு. பெரியம்மாவையும் படிக்கச் சொல்கிறேன். மாடிப்படி ஏற அவள் படும் சிரமம் உனக்குத் தெரியும், எந்த இடம் புரியவில்லை என்று தயங்காமல் சொல்லக்கூடியவளும் அவள்தான். எந்தக் கிழமையில் அனுப்பப்போகிறாய் என்பதை மட்டும் அதற்கு முன்பே முடிவு செய்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா